மூன்று செங்கல் உயரக் கட்டில்

கோகிலாம்பாள் என்ற பெயரைச் சந்தனம்மாள் முதலில் கேட்டது பரிசம் போட்ட அன்றைக்கு. மல்லாங்கிணற்றில் பலசரக்குக் கடை வைத்திருந்த சங்கரபாண்டியனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். பந்தியில் பெரியம்மா மாரிக்கனி காதோரம் சொன்னாள்: "மாமியா இல்லாத வீடுன்னு குதிக்காத. மாப்பிள்ளைக்கு அக்கா ஒருத்தி இருக்கா, கோகிலாம்பாள்னு. நாலு மாமியாளுக்குச் சமானம்."

பெரியம்மா குறைத்துத்தான் சொல்லியிருந்தாள்.

அருப்புக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டு, மூன்றாம் வருஷமே புருசனைப் பறிகொடுத்து, சீராகக் கொண்டுபோன பித்தளைச் சாமான் அத்தனையையும் வண்டியேற்றிக்கொண்டு தம்பி வீட்டுக்குத் திரும்பியவள் கோகிலாம்பாள். ஒவ்வொன்றிலும் அவள் பெயர் வெட்டியிருக்கும். அவற்றைக் கட்டிலுக்கு அடியில் அடைக்க, காலுக்கு மூன்று செங்கல் கொடுத்துக் கட்டிலைத் தூக்கி வைத்திருந்தாள். ஏறி இறங்க ஒரு முக்காலி.

அறுபத்தெட்டு வயதில், ஒரு மாசி மாதம் விடிந்து எழுந்தவள் முக்காலி இருக்கிறதென்று காற்றில் காலை வைத்தாள். மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்ட டாக்டர் சந்தனம்மாளிடம் சொன்னார்: "இந்தத் தடவை கையோட போச்சு. அடுத்து இடுப்பெலும்புன்னா நடக்கிறது கஷ்டம். கட்டிலை இறக்குங்க. உட்கார்ந்தா ரெண்டு பாதமும் தரையில படணும்."

அன்றிலிருந்து சந்தனம்மாள் வாய் வலிக்கச் சொன்னாள்.

"மதினி, செங்கலை எடுத்துருவோம்."

"எடுத்தா அண்டா எங்க போகும்? ஒந்தலையிலயா?"

"பரண்ல ஏத்தலாம்ல."

"பரணுக்குப் போனா கண்ணுல படாது. அப்புறம் கையிலயும் கிடைக்காது. எனக்குத் தெரியாதா?"

சங்கரபாண்டியனிடம் போனால், "அக்காகிட்ட யாரு பேச?" என்று கடைக்கு நழுவிவிடுவார். அக்கா படுத்த கிடையாக விழுந்தால் அள்ளிக் கொட்டப்போவது அவரில்லையே.

கட்டுப் பிரித்த பிறகு கோகிலாம்பாள் திருச்சுழிக் கோயிலுக்கு பஸ் ஏறிய அன்று, சந்தனம்மாள் பக்கத்து வீட்டுக் கருத்தப்பாண்டியைக் கூப்பிட்டுக் கட்டிலைத் தூக்கச் சொல்லி, பன்னிரண்டு செங்கலையும் உருவினாள். சாமான்கள் பரணுக்குப் போயின. பெரிய அண்டா மட்டும் ஏறவில்லை. அறை வாசலில் காலை இடறிக்கொண்டு கிடந்த கம்புத் தானிய மூட்டையை அதில் கொட்டி மூடி, சுவரோரம் வைத்தாள்.

சாயங்காலம் வந்த கோகிலாம்பாள் பழக்கதோஷத்தில் பழைய உயரத்தை நினைத்துக் கட்டிலில் உட்கார்ந்தாள். தொப்பென்று இறங்கினாள்.

"அடியே, என்னையக் குழியில தள்ளிட்டியே."

"கட்டில்லதான மதினி இருக்கீக?"

"இது கட்டிலா? மணை."

மூன்று நாள் கட்டிலைத் தொடவில்லை. வெறுந்தரையில் படுத்தாள். காலையில் அவளைத் தூக்கி நிறுத்தப் புருசனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு கக்கத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. விழாமலிருக்கத்தான் இத்தனை பாடு. இவளோ தானாகவே தரைக்குப் போய்விட்டாள். சந்தனம்மாளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

நாலாம் நாள் தண்ணீர் பிடித்துவிட்டு வந்து பார்த்தால், கோகிலாம்பாள் தனியாக நின்றுகொண்டிருந்தாள். தவழ்ந்து போய் அண்டாவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து எழுந்திருக்கிறாள். உள்ளே ஒரு மூட்டைக் கம்பு இருந்ததால் அண்டா அசையவில்லை.

"நீங்க தூக்குனதுக்கு இது தேவலை. எம்பேரு வெட்டுனதாச்சே. இதைத் தலைமாட்டுல போடு, கட்டில்லயே படுக்கேன்."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா எனக்கு இடுப்பு போயிருக்குமா?"

"நீ கேட்டியா? நான் கோயிலுக்குப் போன நேரம் பாத்துல்ல செங்கலை உருவுன."

சந்தனம்மாள் அண்டாவைத் தலைமாட்டுக்கு நகர்த்தினாள்.

கோகிலாம்பாளுக்கு இப்போது எழுபத்தைந்து. அந்த அண்டாவிலிருந்து ஒரு படி கம்பு எடுக்க யாரையும் விடுவதில்லை. மல்லாங்கிணற்று வீட்டில், அதே அறையில், செங்கல் இல்லாத கட்டிலில் படுக்கிறாள்.