பத்தாயிரத்து நானூற்று மூன்று

சரக்கு ரயில் நிலையத்தில் வேகன் எண்களைக் குறித்துக்கொள்வதுதான் அவருடைய வேலை. இருபத்தெட்டு வருடம். எழுதினோமா போனோமா என்று இருக்க மாட்டார்; ஒவ்வொரு நாலு இலக்க எண்ணையும் மனதுக்குள் வகுத்துப் பார்த்து, "பதிமூணால வகுத்தா மீதி ரெண்டு" என்று யாரும் கேட்காமலே அறிவிப்பார். அதனால் அங்கே எல்லோருக்கும் அவர் 'மீதி'. எதனாலும் வகுபடாத பகா எண் ஒன்று மாட்டிவிட்டால் அன்றைக்கு ஆளைப் பிடிக்க முடியாது. மனைவியும் லேசுப்பட்டவள் இல்லை. தெருவில் போகும் வண்டி எண்களைக் குறித்துவைத்து, அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் நீட்டுவாள்.

அவளுக்கு இப்போது வயிற்றில் கட்டி. திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றுவிட்டார் டாக்டர். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது, தள்ளுகட்டிலில் படுத்தபடியே அவள் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் கட்டிய எண் பட்டையைக் காட்டினாள். 10403.

"நான் வர்றதுக்குள்ள இது எதால வகுபடும்னு பிரிச்சு வைங்க. சும்மா உக்காந்து கண்டதையும் நெனைக்காதீங்க."

பெஞ்சில் உட்கார்ந்து மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஆரம்பித்தார். ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. பதினொன்றால் எட்டு. பதிமூன்றால் மூன்று. வழக்கம்போல் தொண்ணூற்றேழு வரை போனார், மீதி இருபத்துநான்கு. ஆக, பகா எண்.

வேறொரு நாளாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்து அறுத்திருப்பார். இன்று சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டு சேர ஆளே இல்லாமல் தனியாக நிற்கும் எண். போயும் போயும் ஒரு எண்ணுக்கா இப்படி அர்த்தம் பார்ப்பது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஆனாலும் பயம் போகவில்லை. அவள் இல்லாத வீட்டுக்குள் நுழைவதை ஒரு கணம் நினைத்துப் பார்த்துவிட்டு, சீட்டை மடித்துச் சட்டைப்பையில் செருகினார்.

மூன்று மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "சாதாரணக் கட்டிதான், எடுத்தாச்சு. முழிச்சிட்டாங்க, போய்ப் பாருங்க."

அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் கண்ணைப் பாதி திறந்து, "பிரிச்சாச்சா?" என்றாள்.

"பிரியாது. பகா எண்."

"எதுவரைக்கும் பாத்தீங்க?"

"தொண்ணூத்தேழு. நாலு இலக்கத்துக்கு அதுக்கு மேல போகவே வேண்டாம்."

"இது அஞ்சு இலக்கமாச்சே."

இருபத்தெட்டு வருடப் பழக்கம் அவரைத் தொண்ணூற்றேழிலேயே நிறுத்திவிட்டிருந்தது. சீட்டைப் பிரித்து, விட்டுப்போன அடுத்த பகா எண்ணைப் போட்டார். நூற்றொன்று. மீதி இல்லாமல் போனது.

"நூத்தியொண்ணு இன்ட்டு நூத்திமூணு," என்றார். "தனியா நிக்குதுன்னு நெனச்சுட்டேன். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் இருக்காங்க. நடுவுல நூத்திரெண்டு மட்டும்."

"அதைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க," என்று அவள் கட்டில் கம்பிக்கு மேலாகக் கையை நீட்டினாள்.