தலைப்பில்லாத கட்டம்

மெய்யம்மை காலமாகிவிட்டார் என்று அவருடைய அண்ணன் திருமயத்திலிருந்து போனில் சொன்னபோது, நான் அன்றைய பட்டியலில் ஒரு விவசாயியின் பெயரிலிருந்த எழுத்துப்பிழையைத் திருத்திக்கொண்டிருந்தேன். திருத்தி முடித்துவிட்டுத்தான் பேனாவை வைத்தேன். அப்படி வளர்க்கப்பட்டவள் நான். அவருக்கு ஐம்பத்து நான்கு வயது; எனக்கு எழுபத்தாறு. இந்த வரிசை சரியில்லை.

சென்னையில் அவரோடு வேலை பார்த்த நண்பர்களான நீங்கள் அவர் நினைவாக ஒரு மலர் கொண்டுவருவதாகச் சொன்னீர்கள். உங்களுக்கு அவர் பெரிய நிறுவனங்களைச் சீரமைத்துக் கொடுத்த எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட். கறம்பக்குடியில் எங்களுக்கு அவரைத் தெரிந்தது மூன்றே நாள்தான். அந்த மூன்று நாளை எழுதுகிறேன்.

என் கணவர் விட்டுச்சென்றது ஆறு அறுவடை இயந்திரங்கள். அறுப்புக் காலத்தில் வயல் வயலாக வாடகைக்குப் போகும். அவருக்குப் பிறகு நான் வைத்த விதி ஒன்றே: முதலில் பெயர் கொடுத்தவருக்கு முதலில் மிஷின். சொந்தக்காரர், பெரிய பண்ணை, ஒரு ஏக்கர்க்காரர், எல்லோரும் வரிசையில்தான். அந்த நோட்டைக் கோடு போட்டு நானே எழுதுவேன். அதில் எனக்கு இருந்த பெருமையை மறைக்க மாட்டேன்.

ஆனால் மாசி பிறந்தால் வரிசை குலையும். தூரத்து ஊருக்குக் கிளம்ப வேண்டிய டிரைவர், "பெல்ட் அறுந்துபோச்சும்மா" என்று போன் செய்வார். விளைந்த கதிர் காத்து நிற்கும். ஒரு முறை மீமிசல் பக்கம் ஒருவருடைய வயல் மழையில் சாய்ந்தே போனது. வீரையா என்ற டிரைவர் மூன்றாவது முறை அதே பெல்ட்டைச் சொன்னபோது, அவரை வேலையை விட்டு நிறுத்தினேன். பொய்யை நான் பொறுப்பதில்லை.

தூரத்து ஊர்களின் வாடிக்கை ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. என் மகன் செந்தில் ஒரு வழி கொண்டுவந்தான். கம்ப்யூட்டரில் எல்லா மிஷினையும் கண்காணிக்கும் ஏற்பாடு. நம்மூர் டிரைவர்கள் மீதி ஐந்து பேரையும் அனுப்பிவிட்டு வெளியூர் ஆட்கள். ஒப்பந்தம் என் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. செந்தில் முன்பு சென்னையில் மெய்யம்மையிடம் வேலை பார்த்தவன். "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க மேடம்" என்று அழைத்தான். ஆமாம் என்று அவரும் சொல்வார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

வந்தவரிடம், "ஆர்க்கிடெக்ட் என்றால் கட்டடம் கட்டுகிறவர் இல்லையா?" என்று கேட்டேன்.

"நான் செங்கல் வைக்கிறதில்லைம்மா. ஒரு தொழில்ல யாரு யாரை நம்பி நிக்கிறாங்கன்னு படம் போடுவேன்."

முதல் நாள் முழுவதும் அவர் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. அலுவலக மூலையில் உட்கார்ந்து போன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் மிஷின் மேல் ஏறி, தூசியில் தலை நரைத்து இறங்கினார். கணக்குப்பிள்ளை, டிரைவர், விவசாயி என்று எல்லோரிடமும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "எது நின்னா உங்க வேலை நிக்கும்?" பதிலைத் தினக்காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். நடுவில் யாரையும் திருத்தவில்லை. நான் பார்த்த படித்தவர்களில் அது அபூர்வம். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

மூன்றாம் நாள் வீரையாவைப் பார்க்க வேண்டும் என்றார். வீரையாவின் ஊர் டீக்கடை வாசலில் காரை நிறுத்தினோம். மெய்யம்மை இறங்கிப் போனார். நான் இறங்கவில்லை. ஆனால் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தேன்.

"பெல்ட் நெசமாவே அறுந்துச்சா அண்ணே?"

"இல்லைங்க ஆச்சி." செட்டிநாட்டுப் பெண்களை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்பார்கள்.

"பிறகு?"

"ஊர்ல அம்மனுக்குக் காப்புக் கட்டிட்டாங்க. கட்டிட்டா ராத்திரி வெளியூர்ல தங்கக் கூடாதுங்க. பொழுது சாய வீட்டுக்கு வந்துரணும். மீமிசல் பக்கம் போனா மிஷினைத் தனியா விட்டுட்டு எங்கிட்டு வர்றது?"

"அதை அம்மாகிட்டச் சொல்லலாமில்ல?"

வீரையா சிரித்தார். "அவுக கான்வென்ட்ல படிச்சவுக. நோட்டுல பழுதுன்னு ஒரு கட்டம் இருக்கு. காப்புக்கு ஏது கட்டம்? அதான் பெல்ட்டு."

நான் கண்ணாடியை ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால் கேட்டது தெரிந்துவிடும்.

அலுவலகம் திரும்பியதும் மெய்யம்மை, டிரைவர்களின் ஊர்களில் காப்புக் கட்டிய நாட்களை விசாரித்து எழுதினார். என் நோட்டைப் பக்கத்தில் வைத்தார். பெல்ட் அறுந்த நாட்கள் எல்லாம் அந்த நாட்களுக்குள்தான் இருந்தன. அத்தனை வருடமாக என் கையெழுத்திலேயே இருந்ததை நான் படிக்கவில்லை. அவர் இரண்டு நாள் காது கொடுத்துவிட்டுப் படித்துவிட்டார்.

"பொய் சொல்றவங்களைத் தேடாதீங்கம்மா," என்றார். "உண்மையைச் சொல்ல இடமில்லாம எங்க வச்சிருக்கோம்னு தேடுங்க."

பிறகு காலண்டர் தாள்களை ஒட்டி ஒரு படம் போட்டார். காப்பு நாட்களில் அந்தந்த டிரைவர் தன் ஊர்ப் பக்கமே அறுப்பார். தூரத்துக்கு மற்றவர் மாறிக்கொள்வார். பெயர் கொடுத்த வரிசை, ஒவ்வொரு ஊர்ப் பக்கத்திலும் அப்படியே நிற்கும். என் விதியை அவர் உடைக்கவில்லை. அதற்குள் மனிதர்களை வைத்தார்.

செந்திலுக்கு ஏமாற்றம். "என்ன மேடம், ஒரு நோட்டோட முடிச்சிட்டீங்க?"

"கம்ப்யூட்டர் அப்பறமா வாங்கிக்க செந்தில். இன்னைக்கு இருக்கிற குழப்பத்தை அதுல ஏத்துனா, அது இன்னும் வேகமாக் குழப்பும்."

ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஐந்து பேரும் இருந்தார்கள். வீரையாவைத் திரும்ப வேலைக்கு யார் அழைப்பது என்று கேட்டேன். "அதை நான் படத்துல போட முடியாதும்மா," என்றார் மெய்யம்மை. மறுநாள் காலை நானே போனேன். இந்த முறை காரிலிருந்து இறங்கினேன். என் தவறு என்று சொன்னேன். "விடுங்கம்மா," என்றார் வீரையா, "அந்தப் பெல்ட்டும் பழசுதான்."

அதற்கு முந்தின நாள் மாலை, மெய்யம்மை ஊருக்குக் கிளம்புமுன் புது நோட்டில் நான் கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடச் சொன்னார். தலைப்பு என்ன என்றேன். வேண்டாம் என்றார்.

"தலைப்பில்லாமல் கட்டம் போட்டால் எங்கள் பள்ளியில் ஸ்கேலால் அடிப்பார்கள்."

"நமக்கே தெரியாததுக்கு எப்படிம்மா தலைப்பு வைக்கிறது?"

வாழ்நாளில் நான் எதையும் காலியாக விட்டவள் இல்லை. அந்தக் கட்டத்தை விட்டேன். டிரைவர்கள் தாங்களே அதில் எழுதத் தொடங்கினார்கள்: மகளுக்குப் பரீட்சை, பாலம் உடைந்திருக்கிறது, இந்த வயலில் கிணறு இருப்பது கதிருக்குள் தெரியாது. தெரிந்ததை வைத்துத் திட்டம் போடப் பலரால் முடியும். தெரியாததற்கும் இடம் விட்டு வரைந்த ஒருவரை நான் பார்த்தேன். அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

போன் வந்த மறுநாள் காலை நோட்டைத் திறந்தேன். காரியத்துக்குக் குறித்திருந்த நாளுக்கு நேரே, அந்தக் கட்டத்தில், வீரையா தன் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: "ஆச்சி காரியம். திருமயம் போறேன். மிஷின் வராது."

அதன் கீழே "நானும்" என்று எழுதினேன். அந்தக் கட்டத்தில் நான் எழுதியது அதுதான் முதல் தடவை.