நகம் வேண்டாத கத்தி

நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகப் போய் ஃபேன், ஸ்விட்ச் பார்க்கிற கான்ட்ராக்ட் வயர்மேன் லூர்துசாமி ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அது வேலையாட்கள் கூடுகிற ஷெட்டையே சுற்றி வந்துவிட்டது.

போன வருஷம் பைக் செயினைத் துடைக்கப் போய் வலது கட்டைவிரல் நுனி நகத்தோடு போயிற்று. காயம் ஆறிவிட்டது. ஆனால் மடக்குக் கத்தியின் அலகில் ஒரு சின்னப் பள்ளம் இருக்குமே, அதில் நகத்தை வைத்து இழுத்தால்தானே கத்தி திறக்கும்? நகத்துக்கு எங்கே போவது? இடது கையால் முயன்றார்; கத்தி எகிறி சாம்பார்ச் சட்டியில் விழுந்தது. அன்றிலிருந்து மனைவி சகாயமேரிதான், ராத்திரி மடக்கி வைக்கிற கத்தியைத் தினம் காலையில் திறந்து, துணியில் சுற்றி, டிபன் பாக்ஸோடு கொடுப்பாள். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. விரலில் எப்போதும் கறுப்பு டேப்பைச் சுற்றியிருந்ததால் ஷெட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

கூட வேலை செய்கிற விஜயராஜ் சும்மா இருப்பானா? "இன்னாண்ணே, மடக்குக் கத்திய தொறந்தே வெச்சிக்கினு திரியறீங்க?"

முப்பது வருஷம் கையை நம்பிப் பிழைத்த மனுஷனுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "மடக்கினா கீல்ல துரு ஏறிடும்டா. விவரம் தெரிஞ்சவன் மடக்க மாட்டான்" என்று அடித்துவிட்டார்.

அடுத்த வாரமே நாலு பேர் கத்தியைத் திறந்து துணியில் சுற்றிக்கொண்டு அலைந்தார்கள். ஏணி ஏறும்போது குத்தி, விஜயராஜுக்குத் தொடையில் இரண்டு தையல். "பரவால்லண்ணே, துரு ஏறல" என்று அந்த அப்பாவி சிரித்தபோது லூர்துசாமி கூனிக் குறுகிப் போனார். ஒன்று, உண்மையை உடைக்க வேண்டும். இல்லையா, தானே திறந்து மடக்குகிற கத்தியோடு வந்து நிற்க வேண்டும்.

மெயின் பஜாரில் செல்லக்கிளியின் ஹார்டுவேர் கடைக்குப் போனார். அவள் ஒன்பது கத்தியை எடுத்துப் போட்டாள். எல்லாவற்றிலும் அதே நகப்பள்ளம். "இது கனமா இருக்குங்க." "இந்தக் கலர் எனக்கு ஆகாது." "இது பென்சில் சீவத்தான் லாயக்கு."

ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காமலே நொட்டை சொல்கிறவரை அவள் ஏற இறங்கப் பார்த்தாள். கறுப்பு டேப்பையும் பார்த்தாள். உள்ளே போய் அட்டைப்பெட்டி கிழிக்கிற தன் கத்தியை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு நகம் கடிக்கிற கெட்ட பழக்கம்ங்க. அதான் இத வெச்சிக்கினு இருக்கேன். அலகுல ஓட்டை இருக்கு பாருங்க, வெரலால தள்ளினாலே போதும். இதே மாதிரி புதுசு ஒண்ணு இருக்கு."

அவள் பத்து நகமும் நீளமாக, சாயம் பூசி, அழகாக இருந்தது. லூர்துசாமி அதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்.

புதுசைத் தள்ளினார். டிக்! மடக்கினார். மறுபடி டிக். சந்தோஷம் தாங்கவில்லை மனுஷனுக்கு. பதினோராவது தடவை, "வூட்டுக்கும் கொஞ்சம் மிச்சம் வெய்ங்க" என்றாள் செல்லக்கிளி.

மறுநாள் காலை கத்தியைத் திறந்து கொடுக்க சகாயமேரி வழக்கம்போல் கையை நீட்டினாள். அவள் கண்ணெதிரே டிக் என்று திறந்து காட்டினார்.

"அடி சக்கை!" என்று கைதட்டினாள். பிறகு தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். நகம் பாதிக்கு உடைந்து பிளந்திருந்தது. "அப்பாடா, இனிமேலாவது இது வளரும்."

லூர்துசாமிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தன் நகம் போனதை மறைக்கப் பாடுபட்டதில் இவள் நகத்தைப் பார்க்கவே இல்லையே! "ஒரு வார்த்த சொல்லக்கூடாதா மேரி?"

"நீங்க மட்டும் சொன்னீங்களாக்கும்?"

நேரே ஷெட்டுக்குப் போய் டேப்பை உரித்தார். "துருவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எனக்கு நகம் இல்ல, அவ்ளோதான். எல்லாரும் கத்திய மடக்குங்கடா."

"அடப்பாவிண்ணே!" என்று விஜயராஜ் தொடையைத் தடவினான். ஷெட்டே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும்தான்.

சாயங்காலம் மறுபடியும் பஜார். இந்த முறை நகப்பூச்சு. சிவப்பா ரோஸா என்று முடிவு பண்ணக் கத்தியைவிட அதிக நேரம் பிடித்தது. "நகம் வளந்தப்புறம் போட்டுக்க" என்று கொடுத்தார்.

சகாயமேரி அதுவரை காத்திருக்கவில்லை. உடைந்த நகத்திலேயே பூசிக்கொண்டாள்.