கரையாத குளிசை

மேசையில் ஒரு கிளாஸ் தண்ணீர். அடியில் ஒரு குளிசை. அக்கா நேற்றுப் பின்னேரம் போட்டு வைத்ததாம். இளஞ்சிவப்பாய், முழுசாய், ஒரு ஓரம்கூடத் தேயாமல் கிடந்தது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் போனது. தண்ணீர் நடுங்கியது. குளிசை மெல்லப் புரண்டு படுத்தது, நித்திரையில் ஆள் புரளுவதுபோல.

"பார் தம்பி, உங்கட ஃபாக்டரிச் சாமான். ஒரு நாளாக் கரையேல்லை. இதையே நான் பிரஷருக்கு விழுங்கிறன்?"

அந்தச் சாமானைச் செய்கிறவர்களில் நானும் ஒருவன். கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு பழைய கட்டிடத்தில் இரண்டு இயந்திரங்கள். இரண்டுக்குள்ளும் சூடான திருகு சுழன்று தூளை உருக்கித் தள்ளும். ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் உறை. இடியப்பம் பிழிவதுபோல இரண்டும் ஒரே வாயால் ஒன்றாய் வரும். வெள்ளை உள்ளே, இளஞ்சிவப்பு வெளியே. ஆறினதும் சின்னத் துண்டுகளாய் வெட்டுவோம். வெட்டின இரண்டு முனையாலும் மருந்து நாள் முழுக்கக் கசியும். உறை கரையாது. கரையவும் கூடாது. உடம்புக்குள் போன உருவத்திலேயே வெளியே வந்துவிடும்.

இதை ஊருக்கெல்லாம் விளக்கியிருக்கிறேன். வீட்டில் சொல்லவில்லை.

"அதுதான் இண்டைக்குப் போடுற குளிசையை இஞ்சி இடிக்கிற உரலில போட்டு இடிச்சனான். கல்லு மாதிரிக் கிடந்தது, நானும் விடேல்லை. பிளேன்டீயில கலக்கிக் குடிச்சாச்சு."

ஒரு நாள் மருந்து. ஒரே மடக்கில்.

"எப்ப குடிச்சனீங்கள்?"

"நீ வரக் கொஞ்சம் முன்னம். ஏன்டா முழியைப் பிரட்டுறாய்?"

சிரித்தபடி எழும்பினவள், அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கவே கதிரையில் சாய்ந்தாள். கை ஈரமாய்க் குளிர்ந்திருந்தது. நாடியைத் தேடினேன். ஒன்றுமில்லை. பிறகு ஒன்று. காத்திருந்தேன். பிறகு இன்னொன்று. கிளாஸுக்குள் குளிசை எங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

பொரளை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய்ச் சேரும்வரை அந்த மணிக்கட்டை நான் விடவில்லை. விட்டால் அடுத்த துடிப்பு வராது என்று ஒரு பயம்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். மேசையில் கிளாஸ் வைத்தபடியே இருந்தது. அக்கா விரல்விட்டுக் குளிசையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு முனையால் பார்க்க மறுமுனையில் யன்னல் தெரிந்தது. அமத்தினாள். சத்தமில்லாமல் தட்டையாகிப் போனது.

"இதுக்குள்ள இருந்தது எங்க?"

தண்ணீரைக் காட்டினேன். நிறமில்லை, மணமில்லை.

கிளாஸை இரண்டு கையாலும் தூக்கி, உள்ளே ஆரோ நித்திரை என்பதுபோல மெல்லக் கொண்டுபோய் சிங்கில் ஊற்றினாள். அதன்பிறகு திறந்துவிட்ட பைப்பைக் கனநேரம் பூட்டவில்லை.