பாபின் சத்தமும் பத்தடி தூரமும்

தையல் மெஷின் மெக்கானிக் என்றால் அந்தத் தெருவுக்கு அவர் ஒருவர்தான். நாற்பது வருஷத் தொழில். மெஷினைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். வாசலில் நின்றபடியே ஓடவிட்டுக் கேட்பார், கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வந்தது பாருங்கள், நடுக்குவாதம்! கை நடுங்குவதுகூடப் போகட்டும். படுக்கையறை நிலைப்படிக்கு வந்தால் கால் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். கூடத்து மூலை அங்கிருந்து பத்தடிதான்.

பயிற்சி கொடுக்க வரும் பெண் கறாராகச் சொல்லிவிட்டாள்: "வெள்ளிக்கிழமைக்குள்ள தானா நடந்து கூடத்துக்கு வரலைன்னா சக்கர நாற்காலி வாங்கிடுங்கம்மா. விழுந்து இடுப்பு உடைஞ்சா இன்னும் கஷ்டம்."

"அதுல உக்காந்தா அப்புறம் நான் எழுந்திரிக்கவே மாட்டேன்டி," என்றார் மனைவியிடம். நாற்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவர் அழுது அவள் பார்த்தது அன்றுதான்.

நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்று எல்லாம் பார்த்தாயிற்று. காபியைக் காட்டிக் கூப்பிட்டாள். மகள் போனில் கெஞ்சினாள். டி.வி.யில் மேட்ச் போட்டார்கள். ம்ஹூம். ஆசை காட்டினால் போதுமா? அந்த மனுஷனுக்கு எதில் ஆசை என்று யோசிக்க வேண்டாமா?

வெள்ளிக்கிழமை வந்தது. நிலைப்படியில் சிலையாக நிற்கிறார். பயிற்சிப் பெண் பெருமூச்சு விடுகிறாள். மனைவிக்கு ஆத்திரம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். விடுவிடுவென்று கூடத்து மூலைக்குப் போய்த் தன் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். அடிநூல் உருளையான பாபின் இருக்கும் கேஸைக் கழற்றி, வேண்டுமென்றே அரைகுறையாகச் செருகி, மிதித்தாள்.

தடக்... தடக்... தடக்.

அவர் தலை நிமிர்ந்தது. "எவடி பாபினை இப்படி மாட்டினது? ஊசி உடையப்போகுது, நிறுத்து!"

சொல்லி வாய் மூடவில்லை, மெஷின் பக்கத்தில் நிற்கிறார்! எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. நடுங்கும் கை நேராகப் பாபினுக்குப் போனது.

பயிற்சிப் பெண் வாயைப் பிளந்துவிட்டாள். "கால் அசையறதுக்கு முன்னாடியே மூளை அதுக்குத் தயாராகணும்மா. போனா பலன் இருக்குன்னு தோணினா சட்டுனு தயாராயிடும். இவருக்கு அந்தத் தூண்டுதல்தான் வத்திப்போச்சு. அதை நீங்க எங்கேருந்தும்மா கொண்டு வந்தீங்க?"

அடேயப்பா! மண்டைக்குள் எந்த மூலையில் இருந்ததோ அந்த விசை. மருந்துக்கு மசியாதது ஒரு தடக் சத்தத்துக்கு எழுந்து ஓடுகிறதே!

நாற்காலி வாங்கவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் மெஷின் கெட்டது. சில நாள் நிலைப்படியிலேயே வெகுநேரம் தடுமாறுவார். ஆனாலும் வந்து சரிசெய்வார், திட்டுவார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் போயிருக்கும். பாபினைச் செருகியவர், திரும்பாமலே சொன்னார்:

"நாளைக்கு மெஷினைச் சமையலறைப் பக்கமா தள்ளிப் போட்டுட்டுக் கெடுத்து வை. இன்னும் நாலடி நடந்துருவேன்னு நினைக்கிறேன்."