பாட்டின் நடுவே ஒரு ‘ஏளா’

எங்கள் அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. அழுது ஓய்ந்திருக்க வேண்டிய நேரம். நானோ இன்னும் திகைத்துப்போய் நிற்கிறேன். காரணத்தை உங்கள் எல்லாருக்கும் சொல்லிவிடத்தான் இந்தக் கட்டுரை.

அப்பா பிறந்தது வேம்பாரில். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர், கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். மில்லர்புரத்தில் வீடு கட்டி என்னையும் தம்பியையும் படிக்கவைத்தார். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அடுத்த அறையில் இருக்கும் அம்மாவைக் கூப்பிடக்கூட எழுந்து போய் நிற்பார். “ஒரு சத்தம் குடுத்தா வரமாட்டேனா?” என்று அம்மா சலித்துக்கொள்வார். கடைசி நாள்களில் பேச்சே நின்றுபோனது. அம்மாவின் கையைத் தட்டித்தான் கூப்பிட்டார்.

நம் கடற்கரையில் கல்யாண வீடு என்றால் அந்தக் ‘கொழும்புப் பாட்டு’ இல்லாமல் முடியுமா? அறுபதுகளில் இசைத்தட்டில் வந்தது. “ஏலா, கொஞ்சம் நில்லேன்” என்று கிட்டாரோடு தொடங்கும். நடுவில் யாரோ ஒருவர் “ஏளா!” என்று கத்துவார். அந்த இடம் வந்ததும் பந்தியில் இருப்பவர்கள்கூட சோற்றை விட்டுவிட்டுச் சேர்ந்து கத்துவார்கள். அப்பா மட்டும் அதற்கு முன்பே கைகழுவ எழுந்துவிடுவார். பாட்டென்றாலே ஆகாத மனிதர் என்று நாங்கள் முடிவுகட்டியிருந்தோம்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து வீட்டில் சாப்பாடு. கொழும்பிலிருந்து அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் வந்திருந்தார். இலையில் கைவைக்காமல் என்னைக் கேட்டார்: “பிள்ளை, அப்பாட பாட்டைப் போடேல்லையோ?”

“எந்தப் பாட்டு ஐயா?”

“அந்த ‘ஏளா’ பாட்டு. எழுதினது உங்கட அப்பா. மெட்டும் அவர்தான். நான் கிட்டார்.”

என் கையிலிருந்த சாம்பார் வாளி நழுவித் தம்பியின் காலில் கொட்டியது.

சரக்குக்காகத் தோணி கொழும்பில் காத்துக்கிடந்தபோது, எண்ணெய் டின்னில் தாளம் தட்டி அப்பா கட்டிய பாட்டாம் அது. வேம்பாரில் விட்டுவந்த பெண்ணைக் கூப்பிடுகிற பாட்டு. ஒலிப்பதிவு அறையில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மைக். நம் ஊரில் பெண்பிள்ளைகளைக் கூப்பிடும் ‘ஏளா’ பாடகரின் வாயில் நுழையவில்லை. எடுத்த தடவையெல்லாம் ‘ஏலா’தான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அப்பா, பதிவு ஓடுவதையே மறந்து “ஏளா!” என்று கத்திவிட்டார்.

“நேரம் முடிஞ்சுது. திருப்பி எடுக்க வழியில்லை எண்டு அதையே தட்டில போட்டிட்டாங்கள். பாட்டைக் கெடுத்திட்டாய் எண்டு பாடினவர் நல்லா ஏசினார். உங்கட அப்பாட பேரையும் போடேல்லை” என்றார் பெரியவர்.

அடக் கடவுளே! ஊரே அந்தச் சத்தத்துக்காகத்தான் பாட்டைக் கேட்கிறது. அப்பாவோ, பாட்டைக் கெடுத்ததே தன் சத்தம்தான் என்று சாகும்வரை நம்பியிருக்கிறார். நெஞ்சு ஆறவில்லை எனக்கு.

அம்மாவிடம் ஓடினேன். “எம்மா, ஒங்களுக்குத் தெரியுமா?”

“கல்யாணத்துக்கு முந்தியே தெரியும்ளா. யார்ட்டயும் சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. வெக்கப்பட்டுக்கிட்டே கெடந்தாரு மனுசன்.”

தம்பி செல்போனில் பாட்டைப் போட்டான். அந்த இடம் வந்தது. வீட்டில் நாங்கள் ஒருநாளும் கேட்டிராத பெருங்குரலில், வாலிபனாக எங்கள் அப்பா: “ஏளா!”

அம்மா வெடுக்கென்று தலையைத் தூக்கினார். “இந்தா, இங்கனதான இருக்கேன்” என்றார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்பா படுக்கையில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த சொந்தபந்தங்களுக்கும், இரத்தம் கொடுத்த துறைமுகத்து நண்பர்களுக்கும், கடல் தாண்டி வந்த பெரியவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இத்தனை வருடமும் பந்திகளில் அப்பாவோடு சேர்ந்து கத்திய உங்களுக்குத் தனி நன்றி. இனியும் கத்துங்கள். அது ‘ஏலா’ இல்லை, ‘ஏளா’. அங்கே எங்கள் அம்மா இருந்தால், அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை அடுத்த அடியைப் பாடாதீர்கள்.