எழுப்பவா?

தென்துருவப் பனியில் ஓட்டப்போகும் எங்கள் ஜீப், ரங்கூனில் அலோன் ஆற்றங்கரை இறால் கிடங்கின் குளிர் அறையில் ராத்திரி முழுக்க நின்றிருக்கிறது. கப்பல் தேக்கு ஏற்ற இங்கே நின்றதால், வண்டியைக் குளிரில் சோதித்துப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு. வெளியே சட்டை முதுகில் ஒட்டுகிறது. உள்ளே மீசை விறைக்கிறது. இந்தக் குளிருக்கே கிளம்பாவிட்டால் அங்கே நிச்சயம் கிளம்பாது. வண்டியை இங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

எல்லோரும் பர்மிய வழக்கப்படி 'கோ', அதாவது அண்ணன், சேர்த்து கோ காசிம் என்று அழைக்கும் கிடங்குக்காரர், கைலிக்கு மேல் கம்பளிக் கோட்டோடு வருகிறார்.

"எழுப்பவாண்ணே?"

சுற்றிப் பார்க்கிறேன். யாரும் தூங்கவில்லை.

"யாரை?"

"வண்டியத்தான். பர்மாக்காரங்க மிஷினை எழுப்புறதுன்னுதான் சொல்லுவாங்க. எங்களுக்கும் அதே பழக்கம்."

சாவியை நானே திருப்புகிறேன். முனகி அடங்குகிறது. மறுபடி திருப்புகிறேன், அதே முனகல். அடுத்த தடவை இருமிக்கொண்டு ஓடத் தொடங்குகிறது. அடக்கி வைத்திருந்த மூச்சை விடுகிறேன், வெள்ளையாகப் போகிறது.

"எழுந்திருச்சு" என்கிறேன், அவர் பேச்சிலேயே.

காசிம் கதவை அகலத் திறக்கிறார்.

"அப்ப சீக்கிரம் வெளிய எடுங்கண்ணே. எறாலையும் சேர்த்து எழுப்பிறாதீங்க."